ஏழாம் வகுப்பு முழுக்கள்: நூறு கணக்குப் பயிற்சித்தாளால் என்ன பயன்?

தாமரைக்குளம்

என் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். முதல் பருவத்தின் முதல் பாடமே முழுக்களின் (−3 போன்ற குறை எண்களும் சேர்ந்த முழு எண்களின்) கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்பதால், பள்ளி திறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நூறு கணக்குகள் அச்சிட்ட பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார்கள். திங்கட்கிழமை அதைத் திரும்ப வாங்கி, சிவப்பு மையில் சரி, தவறு என்று குறியிட்டு, மொத்த மதிப்பெண்ணை மேலே எழுதித் தந்துவிடுகிறார்கள். எந்தத் தவறு எதனால் நேர்ந்தது என்பதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

சென்ற வாரத் தாளில் முதல் இருபத்தைந்தும் கூட்டல், அடுத்த இருபத்தைந்தும் கழித்தல், பிறகு பெருக்கல், பிறகு வகுத்தல் என்று வரிசை கட்டி நின்றன. பெருக்கல் பகுதிக்கு வந்ததும் அவன் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் விடைக்கான கோடுகளில் குறிகளை மட்டும் மேலிருந்து கீழாக மளமளவென்று போட்டுக்கொண்டே போனான். பிறகு மேலே திரும்பி வந்து எண்களை நிரப்பினான். தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கிய அவனிடம் −3 என்றால் என்ன என்று கேட்டால், "மைனஸ் மூன்று" என்பதற்கு மேல் விடை இல்லை. பொருள் விளங்கும் வரை இந்தத் தாள்களை நிறுத்திவைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆசிரியர்களாக இருப்பவர்கள் மறுத்தால், காரணத்தோடு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணக்காசிரியர்

அம்மா, நான் மறுக்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் நான். என் வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். திருத்திய தாளில் விளக்கம் எழுதாமல் விடுவது குறைதான். அது திருத்தியவரின் குறை, தாளின் குறை ஆகாது.

பொருள் புரிந்த பிறகே பயிற்சி என்று வரிசைப்படுத்துவது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி 3x − 7 = −19 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் ஏழைக் கூட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் −19 + 7 என்ற இடத்தில் நின்று, எண்கோட்டை மனத்தில் வரைந்து, வலப்புறம் ஏழு அடி நகர்ந்து, −12 என்று கண்டுபிடித்துத் திரும்புவதற்குள், அந்தக் கூட்டலை எதற்காகத் தொடங்கினோம் என்பதே அவளுக்கு மறந்துவிடுகிறது. இயற்கணிதம் வரவில்லை என்று நம்மிடம் அழைத்துவரப்படும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் வராதது இந்த ஒற்றை வரிதான். அதை யோசிக்காமல் செய்யும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவர, திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அச்சிட்ட தாள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வீட்டில் திறன்பேசி அப்பாவிடம் இருக்கும். அப்பா இரவு பத்து மணிக்குத்தான் வருவார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதச் சொன்னால், பாதி நேரம் எழுதுவதிலேயே போய்விடும். எழுதும்போதே குறி மாறியும் போய்விடும்.

தாமரைக்குளம்

ஐயா, தாங்கள் சொல்லும் மாணவிக்கு வேகம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எதன்மீது அந்த வேகத்தைக் கட்டுகிறோம் என்பதே என் கேள்வி. குறை எண்கள் எளிதில் மனத்தில் அமர்பவை அல்ல. இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேர்ஸ் என்ற கணித அறிஞர், இயற்கணிதத்தில் குறைக்குறியின் பயன்பாட்டைப் பற்றி 1758இல் ஒரு நூலே எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதைத் தவிர வேறெதற்கும் அந்தக் குறிக்கு இடமில்லை என்று வாதாடினார். படித்த பெரியவர் ஒருவரே அந்த அளவுக்குத் தயங்கியிருக்கும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சில வாரங்கள் கூடுதலாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வீட்டில் நான் சிவப்பு, கறுப்புப் பொத்தான்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பு மிகை, கறுப்பு குறை. பழங்காலச் சீனக் கணக்கர்களும் எண்ணும் குச்சிகளை இதே நிறங்களில்தான் வைத்திருந்தார்கள். 3 − (−2) என்பதற்கு மேசைமீது மூன்று சிவப்பை வைத்தான். இரண்டு கறுப்பை எடுக்க வேண்டும். ஆனால் கறுப்பே இல்லை. சற்று நேரம் விழித்தான். பிறகு ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம் என்பதால், அப்படிப்பட்ட இரண்டு இணைகளைத் தானே கொண்டுவந்து வைத்து, இரு கறுப்பையும் எடுத்தான். மீதி ஐந்து சிவப்பு. இதற்குப் பிறகு அவன் 3 − (−2) என்பதில் தவறு செய்யவில்லை.

மாலைநேர வகுப்பு

இருவரும் எத்தனை கணக்குகள் என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எந்தக் கணக்குகள் என்பதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

நான் எங்கள் ஊரில் மாலையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளித் தாளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய ஒரு மாணவியின் விடைகளை அண்மையில் வரிவரியாகப் படித்தேன். 6 − (−3) = 9, சரி. 10 − (−5) = 15, சரி. (−5) × (−2) = 10, சரி. அடுத்து −7 − 4 = 11 என்று எழுதியிருந்தாள்; சற்றுத் தள்ளி −3 − 9 = 12. ஐந்து கணக்கையும் அவள் ஒரே விதியைக் கொண்டுதான் செய்திருந்தாள்: இரண்டு மைனஸ் வந்தால் பிளஸ். அந்தத் தாளில் பெரும்பாலான கணக்குகள் அந்த விதி பலிக்கும் வகையாகவே அமைந்திருந்ததால், தவறான எண்ணத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிட்டது. அந்த விதியை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று சேர்த்துச் சொல்லாமல், பாட்டுப் போல் மனப்பாடம் செய்யவைத்தது பெரியவர்களாகிய நாம்தான்.

இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். 4 − 9 என்பதற்கு 5 என்று எழுதுவார்கள். சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று மூன்றாம் வகுப்பில் நாம் சொன்னதை இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். −9 + 4 என்பதற்கு −13 என்று எழுதுவார்கள். கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன், முன்னால் இருந்த மைனஸையும் விட்டுவிடவில்லை என்பது அவர்கள் நியாயம். இந்த மூன்று தவறுகளையும் பிரித்துக் காட்டாத தாள் நூறு கணக்குகள் கொண்டதாக இருந்தாலும் வீண். பிரித்துக் காட்டுமானால் பன்னிரண்டே போதும்.

கூட்டல் ஒரு பத்தி, கழித்தல் ஒரு பத்தி என்று அடுக்குவதை விட்டுவிட வேண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புப் பிரிவுகளில் டக் ரோரரும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் வகை கலந்த பயிற்சித்தாள்களையும் மறு சாரார் ஒரே வகையாக அடுக்கிய தாள்களையும் சில மாதங்கள் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில், கலந்து செய்தவர்கள் சராசரியாக 61 விழுக்காடும் அடுக்கிச் செய்தவர்கள் 38 விழுக்காடும் பெற்றார்கள். அடுக்கி வைத்தால் எந்த வழியில் செய்வது என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது. தாமரைக்குளம் அம்மாவின் மகன் குறிகளை மட்டும் முதலில் போட்டுக்கொண்டு போனது அதனால்தான். அது சோம்பல் அன்று, கெட்டிக்காரத்தனம்.

அச்சுக்கூடம்

நான் ஆசிரியர் அல்லன். பள்ளிகளுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து நகலெடுத்துக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். விவாதத்துக்குச் சற்று விலகியதாகத் தோன்றினாலும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

பலர் கழித்தல் குறிக்குப் பதிலாக விசைப்பலகையில் உள்ள சிறுகோட்டைத் தட்டிவிடுகிறார்கள். அசல் தாளில் அது தெரியும். நகலின் நகலை எடுக்கும்போது வெளிறி மறைந்துவிடும். அப்புறம் −8 + 3 என்பதற்கு 11 என்று எழுதிய பிள்ளைக்குத் தவறு போடுகிறார்கள், அந்தப் பிள்ளையின் தாளில் இருந்ததோ 8 + 3. வரியின் கடைசியில் குறி நின்று, எண் அடுத்த வரிக்கு இறங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எக்செல்லில் −12 முதல் 12 வரை ஏதேனும் ஓர் எண் என்று விட்டுத் தாளை உருவாக்குபவர்களுக்கு. வகுத்தலுக்கு அப்படிச் செய்தால் 7 ÷ 0 வந்து நிற்கும். இல்லையென்றால் மீதி வரும். வகு எண்ணையும் ஈவையும் முதலில் எடுத்து, அவற்றைப் பெருக்கி வகுபடும் எண்ணைப் பெற வேண்டும். வகு எண்ணில் பூச்சியத்தை நீக்கிவிட வேண்டும்.

கணக்காசிரியர்

அச்சுக்கூடம் நண்பருக்கு நன்றி. நாளையே என் பழைய தாள்களை எடுத்துப் பார்க்கிறேன்.

புளோரிடா ஆய்வைப் பற்றி: அதில் சோதிக்கப்பட்டவை வேறு பாடப்பகுதிகள், முழுக்களின் நான்கு செயல்கள் அல்ல. மேலும், கலந்த தாள்களைச் செய்து முடிக்க மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆனது என்பதை ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடப் பாடவேளை. அதில் வருகைப்பதிவும் உண்டு, முந்தைய நாள் வராதவர்களுக்கு மறுபடி சொல்வதும் உண்டு. கலப்பதை நான் எதிர்க்கவில்லை. முதல் நாளிலேயே கலப்பதை எதிர்க்கிறேன். குறை எண்ணைக் கழிப்பது என்றால் என்ன என்று அன்றுதான் கேட்ட பிள்ளைக்கு, அதே வகையில் பத்துக் கணக்குகளாவது அடுத்தடுத்து வந்தால்தான் கை பழகும்.

மசேர்ஸைப் பற்றி: அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 628இல், பிரம்மகுப்தர் சொத்து, கடன் என்று பெயரிட்டுக் குறை எண்களின் பெருக்கல், வகுத்தல் விதிகளை எழுதிவைத்துவிட்டார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் தத்துவம் தெளியும் வரை காத்திருக்கவில்லை. விதியைக் கையாளக் கையாளப் பொருள் தெளிவதும் உண்டு என்பதை அம்மா சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். பொத்தான்கள் 3 − (−2) வரை வரும். −37 − 58 என்பதற்கு எத்தனை பொத்தான்களைப் பரப்புவது? (−3) × (−4) என்பதை அவற்றால் விளக்க முற்பட்டால், பெருக்கலைவிட விளக்கம் கடினமாகிவிடுகிறது. அதற்கு 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0 என்று வரிசையாக எழுதி, அடுத்த வரியை அவர்களையே நிரப்பச் சொல்வது எவ்வளவோ மேல். அந்த வரிசையும் அச்சிட்ட தாளில்தான் அழகாக வரும்.

மாலைநேர வகுப்பு

அந்த வரிசை நன்று; எடுத்துக்கொள்கிறேன். பத்துக் கணக்குகள் ஒரே வகையில் முதல் நாள் செய்யட்டும், அதிலும் எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்பது வெள்ளிக்கிழமைத் தாளை மட்டும். இதோ, 9, 4 என்ற இரண்டு எண்களை மட்டுமே வைத்து நான் அமைத்தது:

4 − 9, −9 + 4, −9 − 4, 9 − (−4), −4 − (−9), −9 − (−4), 4 + (−9), −4 + 9, (−9) × 4, (−4) × (−9), −36 ÷ 9, −36 ÷ (−4).

எண்கள் மாறாததால் கூட்டிக் கழிப்பதில் மூளை செலவாகாது. கவனம் முழுவதும் குறியின்மீதே இருக்கும். −9 − 4 என்பதற்கு 13 என்று வந்தால் இன்ன தவறு, −9 + 4 என்பதற்கு −13 என்று வந்தால் இன்ன தவறு என்று திருத்துபவருக்கு விடையைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். நாற்பது தாள்களையும் தவறின் வகைப்படி மூன்று கட்டுகளாகப் பிரித்துவிட்டால், திங்கட்கிழமை எந்தக் கட்டுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது கையில் இருக்கும். விளக்கம் எழுதும் வேலையும் மிச்சம்.

கணக்காசிரியர்

கூட்டல், கழித்தல் கணக்குகள் எட்டுக்கும் சேர்த்து 5, −5, 13, −13 என்ற நான்கே விடைகள்தான் வருகின்றன. என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் இருப்பவர்கள் இதை நான்காவது கணக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு நடப்பது ஊகம். பூச்சியமும் எங்கும் இல்லை. 0 − (−4), −4 − (−4) ஆகிய இரண்டையும் சேருங்கள். ஊகிப்பவர்களுக்குக் கடைசியில் −37 − 58 ஒன்று இருக்கட்டும். அதில் 95 என்று எழுதுபவர் யார், −95 என்று எழுதுபவர் யார் என்று பார்த்துக்கொள்ளலாம். இம்மாற்றங்களோடு வெள்ளிக்கிழமை கொடுத்துப் பார்க்கிறேன். வியாழக்கிழமை நான் கொடுக்கும் நாற்பது கணக்குகள் மட்டும் நிற்காது.

தாமரைக்குளம்

நாற்பது எதற்கு, பதினைந்து ஏன் போதாது என்பதற்குத் தாங்கள் இன்னும் விடை சொல்லவில்லை, ஐயா. வெள்ளிக்கிழமைத் தாளின் அடியில் ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு வரி இடம் விடுங்கள்: "ஒருவர் −9 − 4 = 13 என்று எழுதியிருக்கிறார்; அவர் எப்படி எண்ணியிருப்பார்?" இதற்கு விடை எழுத முடிந்த பிள்ளைக்கு வாரம் நூறு கணக்குகள் கொடுத்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

கணக்காசிரியர்

அந்தக் கேள்வியைச் சேர்க்கிறேன். மதிப்பெண் கிடையாது, படித்துப் பார்ப்பேன். நாற்பது என்பது முடித்தே ஆக வேண்டிய கணக்கு அன்று, அம்மா. பத்து நிமிடம் கொடுப்பேன். வேகமாகச் செய்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் நாற்பது. பதினைந்தில் நிற்பவர் பதினைந்தில் நிற்கலாம். எத்தனை செய்தார்கள் என்பதை நான் மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.