விடிய விடியக் கூத்து: எண்ணெயில் குழைத்த பொடியா, பான்கேக்கா?

தவளக்குப்பம்:
வணக்கம். ஆடி மாதம் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டாம் போர்க் கூத்து (பாரதப் போரின் கடைசி நாள் கதை) ஆடுகிறோம். இரவு 10 மணிக்குத் தொடங்கினால் விடிந்து படுகளம் (துரியோதனன் சாயும் சடங்கு) வரை போகும். எட்டு வேஷம். பத்து நாள் கழித்து அதையே இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, புதுச்சேரி கம்பன் கலையரங்கத்தில் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் ஆடவேண்டும். முத்துவெள்ளைப் பொடியும் தேங்காயெண்ணெயும் போதும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் பான்கேக் (ஈரப் பஞ்சால் பூசும் ஒப்பனைக் கட்டி) வாங்கச் சொல்கிறார்கள். துரியோதனனுக்கு மடுவில் ஒளியும் கட்டம் விடியற்காலையில்தான் வரும், அதுவரை சிவப்பு கழுத்தில் வழியக் கூடாது. எது வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

பாகூர்க் களரி:
பொடிதான் தம்பி. விடிய விடிய ஆடுறவனுக்கு வேற வழி கிடையாது. பான்கேக்கு தண்ணியில நனைச்ச பஞ்சால ஏத்துற சரக்கு. வேர்வையும் தண்ணிதானே? ஏத்தினதே இறக்கிடும். எண்ணெயில குழைச்ச வெள்ளை மேல வேர்வை முத்து முத்தா நிக்கும். பழைய வேட்டித் துணியால ஒத்தி எடுத்தா முகம் அப்படியே இருக்கும். ஒத்தணும், துடைக்கவே கூடாது.

முத்துவெள்ளை 100 கிராம் வாங்குங்க, எட்டு முகத்துக்குத் தாராளம். ஒரு முகத்துக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பொடியை உள்ளங்கையில போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டுக் குழைக்கணும். அரைச்ச சந்தனம் மாதிரிப் பதம் வரணும். கையைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது. புதுப் பசங்க முகம் கெடுறது இந்த இடத்துலதான்: சீக்கிரம் பரவட்டும்னு எண்ணெயை ஊத்திடுவாங்க. ஊத்தினா மூக்கோரத்துலயும் மோவாய்க்குழியிலயும் வெள்ளை திரண்டு நிக்கும், கன்னத்துல தோல் தெரியும்.

முகம் கழுவி, ஈரம் முழுசாக் காயட்டும். ஒரு பத்து நிமிஷம் விசிறிக்கிட்டு உக்காருங்க. அப்புறம் மெல்லிசா எண்ணெய் தடவி, உடனே துணியால ஒத்தி எடுத்துடுங்க. அதுக்கு மேலதான் அடிப்பூச்சு, ரெண்டு தடவை மெல்லிசா. அது மேல உலர்ந்த பொடியைத் தட்டி ஊதிவிட்டா நிக்கும். புருவம், மீசை, நாமம் எல்லாம் தென்னை ஈர்க்குச்சியாலதான். நுனியைக் கடிச்சு நார் பிரிச்சா பட்டைக்கோடு, கடிக்காத முனையில மெல்லிய கோடு, மழுங்கின அடிமுனையில கன்னத்துப் புள்ளி. ஒரே குச்சியில மூணு வேலையும் முடியும்.

மஞ்சக்குப்பம் ஒப்பனை:
பாகூர் அண்ணன் சொன்ன பதமும் ஒத்தி எடுக்கும் முறையும் சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. பொடி எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கவலை. முத்துவெள்ளை துத்தநாக ஆக்சைடாக இருந்தால் தோலுக்குக் கெடுதல் இல்லை, குழந்தைக்குப் போடும் களிம்பிலேயே அது இருக்கிறது. ஆனால் ‘வெள்ளை’ என்று கேட்டால் பெயின்ட் கடைக்காரர் கொடுப்பது எதுவாகவும் இருக்கலாம். ஈய வெள்ளையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

சிவப்பில் ஆபத்து இன்னும் அதிகம். செந்தூரம் என்ற பெயரில் ஈயச் செந்தூரமும் வரும், சாதிலிங்கமும் வரும். சாதிலிங்கம் பாதரசச் சரக்கு. நாட்டு மருந்துக் கடைச் செந்தூரம் வைத்தியர் அளந்து கொடுப்பதற்கு உரியது, ஏழு மணி நேரம் வியர்த்துத் திறந்திருக்கும் தோலில் பூசுவதற்கு இல்லை. நம் தொழிலுக்கே பெயர் கொடுத்த அரிதாரம் ஆர்செனிக் கலந்த மஞ்சள் கல். பெயரை வைத்துக்கொள்வோம், கல்லை முகத்தில் வைக்க வேண்டாம். கண்ணுக்குப் போடும் சுர்மாவிலும் ஈயம் இருப்பது உண்டு.

அதனால்தான் முகத்துக்கென்றே தயாரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் அச்சிட்டு விற்கும் சரக்கை வாங்கச் சொல்கிறேன். அதிலும் பான்கேக்கைத் தனியாகப் பேசுவதில் பயனில்லை. மெழுகும் எண்ணெயும் கலந்த குச்சிப்பூச்சு கிடைக்கிறது. அதை அடியில் போட்டு, மேலே பவுடர் போட்டு அழுத்தி, பத்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் தூரிகையால் தட்டிவிட்டால் வியர்வைக்கு அசையாது. பான்கேக் வழிகிறது என்று அண்ணன் சொல்வது, அடி எதுவும் இல்லாமல் தடிமனாக ஒரே பூச்சு போட்ட முகத்துக்குப் பொருந்தும்.

பாகூர்க் களரி:
பெயின்ட் கடைப் பொடி கூடாதுன்னு சொல்றதை நானும் தலைமேல் வச்சுக்கறேன். ஆனா ஆபத்தான செந்தூரத்தைக் காட்டிப் பொடியையே தள்ளுறது நியாயமில்ல. சிவப்புக்குச் சலிச்ச நல்ல காவி இருக்கு, இரும்புச் சத்து மண்ணு. மெல்லிய துணியில மூணு தடவை சலிச்சா மாவா வரும். கறுப்புக்கு விளக்கெண்ணெய் விளக்கு மேல மண்சட்டியைக் கவிழ்த்துப் புகை பிடிச்சு, அதே எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டுக் குழைச்சா கண்ணுக்கே வைக்கலாம்.

குச்சிப்பூச்சு விலையையும் கொஞ்சம் பாருங்க. எட்டு வேஷத்துக்கும் நிறம் நிறமா வாங்கினா, ஊர்க்காரங்க குடுக்கிற பணத்துல மிருதங்கக்காரருக்கும் முகவீணை ஊதுறவருக்கும் என்ன மிஞ்சும்?

மஞ்சக்குப்பம் ஒப்பனை:
எல்லா நிறமும் வேண்டாம் அண்ணே. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஐந்தும் இருந்தால் மற்றதைக் கலந்துகொள்ளலாம். கிருஷ்ணனின் பச்சை, மஞ்சளிலும் நீலத்திலும் வந்துவிடும். அடிவெள்ளைக்கு உங்கள் முத்துவெள்ளையையே வைத்துக்கொள்ளுங்கள், துத்தநாக ஆக்சைடு என்று அச்சிட்ட பொட்டலம் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.

காவியில் எனக்கு ஒரு மறுப்பு. பவானி ஜமக்காளத்தில் உட்கார்ந்து குண்டு பல்பில் பார்க்கும்போது அது சிவப்பு. களரியில், அதாவது கூத்து ஆடும் இடத்தில், தள்ளி நின்று பார்த்தால் செங்கல். துரியோதனன் முகம் செங்கல் நிறத்தில் இருந்தால் கர்வம் வராது.

குங்குமம் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த அசல் குங்குமம் காரத்தில் சிவப்பு, புளிப்பில் மஞ்சள். வியர்வை லேசான புளிப்பு. இரண்டு மணி நேரத்தில் நெற்றியோரம் மஞ்சளாகத் திரும்பும்.

முத்தியால்பேட்டை லைட்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் ஒரே முகத்தைப் பேசுகிறீர்கள், தவளக்குப்பத்துத் தோழருக்கு வேண்டியது இரண்டு முகம்.

கோயில் களரியில் என்ன வெளிச்சம்? டியூப் லைட், நாலு எல்.ஈ.டி. ஃபோகஸ், எல்லாம் வெளுத்த நீல வெள்ளை. விலை மலிந்த எல்.ஈ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு மிகவும் குறைவு. அந்த வெளிச்சத்தில் காவி மட்டுமில்லை, நல்ல சிவப்பும் மங்கிப் பழுப்பாகத்தான் தெரியும். பழைய பெட்ரோமாக்ஸிலும் குண்டு பல்பிலும் சிவப்பு தகதகத்தது என்றால் பூச்சு மட்டும் காரணமில்லை, அந்த வெளிச்சமே மஞ்சளும் சிவப்பும் நிறைந்தது. களரிக்கு முன்னால் இரண்டு ஆலசன் விளக்கு, ஆளுயரத்துக்கும் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கமும் சாய்த்துக் கட்டுங்கள். எந்தச் சிவப்பும் எழும்பி வரும்.

அரங்கத்தில் ஆபத்து வேறு மாதிரி. நிற எல்.ஈ.டி.யில் யாராவது பச்சையைத் தட்டிவிட்டால் துரியோதனன் முகம் கறுப்பாகிவிடும். சிவப்பைத் தட்டினால் பச்சைக் கிருஷ்ணன் கறுப்பாவார், துரியோதனன் முகத்தில் போட்ட சிவப்புக் கோடுகள் வெள்ளையோடு கலந்து மறைந்துபோகும். ஆகவே விளக்குக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி முன்வெளிச்சத்தை இளமஞ்சள் வெள்ளையில் நிறுத்தச் சொல்லுங்கள், நிறமெல்லாம் பின்னாலிருந்து வரட்டும். ஒத்திகையன்று ஒரே ஆள் முகத்தில் இடது பாதி பொடி, வலது பாதி குச்சிப்பூச்சு போட்டு மேடையில் நிறுத்திக் கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். விவாதம் அங்கே முடியும்.

பாகூர்க் களரி:
பாதி பாதி போட்டுப் பாக்கறது நல்ல யோசனை. ஆனா பூச்சு போட்டதும் பாக்காதீங்க. கிரீடம் கட்டி ஒரு மணி நேரம் அடவு போட்டு ஆடவிட்டு அப்புறம் பாருங்க.

நிறத்தோட சக்தியை வெளிச்சம் மட்டும் தீர்மானிக்காது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரன் வேஷம் கட்டி ஆடிட்டு, விடியக்காலம் அதைக் கலைக்கக் குளத்துக்குப் போனாராம். எதிர்ல வந்த பொம்பளை அந்த முகத்தைப் பாத்த பயத்துலயே உயிர விட்டுட்டாள்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. அதுக்கப்புறம்தான் வேஷம் கட்டுறதையே விட்டாராம். அங்க என்ன ஃபோகஸ் லைட் இருந்துச்சு? அவர் 1922-ல மறைஞ்சது நம்ம புதுச்சேரியிலதான், சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு. தவளக்குப்பம் பசங்க களரி ஏறுறதுக்கு முன்னால ஒருதரம் போய்க் கும்பிட்டுட்டு வாங்க.

நெல்லிக்குப்பம்:
பெண்கள் ஆடும் குழுவா என்று யாரும் கேட்கவில்லை. திரௌபதிக்குக் கூந்தல் முடியும் வரை விரிகூந்தல்தான். முடியில் எண்ணெய் இருந்தால் நெற்றிப் பூச்சு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும், பொடியானாலும் குச்சியானாலும். அன்று காலையிலேயே சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்துவிடுங்கள். நெற்றியோரம் விரல் அகலத்துக்குப் பவுடரை மட்டும் தட்டி விடுங்கள்.

இன்னொன்று, கழிப்பறை. ஊரில் பேசும்போதே கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் பெண்கள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், நடு ராத்திரிக்கு மேல் குரல் கட்டும், தலை சுற்றும். பூச்சைப் பற்றி இவ்வளவு பேசுகிற இடத்தில் இதையும் எழுதியாக வேண்டும்.

தவளக்குப்பம்:
இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வீட்டை நாளையே கேட்டுவிடுகிறோம். இன்னொரு சந்தேகம்: எட்டுப் பேருக்கும் எப்போது பூச்சைத் தொடங்குவது? 9 மணிக்கே முடித்துவிட்டால் அசுவத்தாமன் களரிக்கு வர இரண்டு, மூன்று மணி ஆகிறது.

மஞ்சக்குப்பம் ஒப்பனை:
எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைப்பதுதான் தவறு. களரிக்குள் நுழைவதற்கு ஒன்றரை மணி முன்பு அடிப்பூச்சு, முக்கால் மணி முன்பு கோடும் புள்ளியும், அரை மணி முன்பு உடை, கிரீடம் கடைசியில். பிந்தி வரும் வேஷக்காரர் அதுவரை தூங்கட்டும். ஆனால் பூச்சோடு படுக்கக் கூடாது, தலையணையில் போய்விடும். சவரம் மாலை 4 மணிக்குள். சவரம் செய்த கையோடு பூசினால் எரியும், கொப்பளம் வரும். புதுச் சரக்கு எதுவானாலும் முதல் நாளே முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒன்று. ஆடி மாதக் கடலூர்ப் புழுக்கத்தில் தேங்காயெண்ணெய் தண்ணீராகத்தான் இருக்கும். மார்கழியில் பனி இரவில் அதுவே உறையப் பார்க்கும். ஆகவே மார்கழிக்குச் சரியான அளவு ஆடிக்கு ஆகாது. ஆடியில் எண்ணெயைக் குறைத்து, கடுகளவு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் உங்கள் பொடியும் என் குச்சி அளவுக்கு நிற்கும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

பாகூர்க் களரி:
மெழுகு நல்ல யோசனை, எடுத்துக்கறேன். ஆனா பொடியை விடமாட்டேன். நடு ராத்திரிக்கு மேல பூச்சு கெடும், எந்தப் பூச்சும் கெடும். அப்ப அதைச் சரிபண்ற கை யாரோடது? பொடின்னா ஆடுறவனே கதையை நடத்துற கோமாளி, அதான் கட்டியங்காரன், பேசிக்கிட்டிருக்கிற நேரத்துல திரைக்குப் பின்னால கைக்கண்ணாடி பிடிச்சு ரெண்டு விரலால தொட்டு அடைச்சுட்டுப் போவான். குச்சியும் பவுடரும் தூரிகையும்னா அதுக்குத் தனியா ஒரு ஆள் விடிய விடிய முழிச்சிருக்கணும். எந்தக் குழுவுல அந்த ஆள் இருக்கான்? தன் முகத்தைத் தானே எழுதத் தெரிஞ்சவன்தான் கூத்துக்காரன்.

மஞ்சக்குப்பம் ஒப்பனை:
அந்த இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது அண்ணே. பின்பாட்டும் பாடி, அடவும் ஆடி, வசனமும் பேசுகிறவர் அந்த ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும், வெந்நீர் குடிக்க வேண்டும். அவரிடம் கண்ணாடியைக் கொடுப்பது கொடுமை. குழுவில் ஒரு பையனுக்கு ஒரு மாதத்தில் கற்றுக்கொடுக்கலாம்.

பாகூர்க் களரி:
கத்துக்குடுங்க, நல்லது. ஆனா எட்டுப் பேருக்கும் கத்துக்குடுங்க.

தம்பி, கடைசியா கிரீடத்தைப் பத்திச் சொல்லிடறேன், இதை யாரும் தொடல. கல்யாண முருங்கைக் கட்டைதான், கனம் குறைவு. ஆனா கட்டு தளர்ந்தா அதுவே பூச்சைத் தேய்ச்சு எடுத்துடும். முதல்ல நாலு விரல் அகலப் பருத்தித் துணியைப் புருவத்துக்கு ஒரு விரல் மேல சுத்துங்க. துணிக்கு அடியில பூச்சு வேண்டாம், வெறும் தோலா விடுங்க. பூச்சு இருந்தா துணி வழுக்கும், கிரீடம் கண்ணு மேல இறங்கும், அதை ஏத்த ஏத்த நெத்தி முழுக்கக் கலைஞ்சிடும். முடிச்சு பின்மண்டைக் குழிக்கு மேல வரட்டும், காதோரம் போட்டா ஒரு மணி நேரத்துல நெத்திப்பொட்டு வலியில தெறிக்கும். கட்டினதும் வாயை அகலத் திறந்து ஒரு விருத்தம் பாடச் சொல்லுங்க. தாடை இழுத்தா அரை விரல் தளர்த்தி மறுபடி கட்டுங்க.

கலைக்கறப்ப சோப்பு முதல்ல வேண்டாம். ரெண்டு கரண்டி தேங்காயெண்ணெய் தேய்ச்சு, பழைய வேட்டியில துடைச்சு, அப்புறம் பயத்தமாவு.

தவளக்குப்பம்:
நன்றி அண்ணா, நன்றி தோழர். அச்சிட்ட பொட்டலத்தில் துத்தநாக வெள்ளை 100 கிராம், தேன்மெழுகு ஒரு சின்னக் கட்டி, குச்சிப்பூச்சில் சிவப்பும் கறுப்பும் மட்டும் வாங்குகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை துரியோதனன் வேஷக்காரருக்கு இடது பக்கம் காவி, வலது பக்கம் குச்சி போட்டு, கிரீடம் கட்டி இரண்டு மணி நேரம் ஆடவிட்டு எழுதுகிறோம்.