நீங்க தைச்சுக் குடுத்த துணிப் பரிசு: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

மதுரைக் கைத்தையல்

போன வாரம் நடந்தது. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு, அதான் ஆரம்பிக்கிறேன்.

அத்தை தவறி ஒரு வருஷம். பீரோவுல இருந்த சுங்குடிச் சேலைகள்ல ஒன்பதை எடுத்து கொழுந்தியாளுக்கு ஒரு குவில்ட், அதான் துண்டுத்துணி சேத்துத் தைக்கிற போர்வை, தச்சேன். 5 அங்குலச் சதுரம், கால் அங்குலம் தையலுக்கு, நடுவுல காட்டன் பேட்டிங்னு சொல்ற பஞ்சு விரிப்பு, பின்பக்கத்துக்கு மாமாவோட எட்டு முழ வேட்டி. வெட்டுறதுக்கே நாலு நாள் ஆச்சு. நைஞ்ச இடம், கிழிசல் தச்ச இடம், மஞ்சக்கறை எல்லாத்தையும் ஒதுக்கிட்டு நல்ல பகுதியாப் பாத்துப் பாத்து எடுத்தேன். எல்லா வீடியோவுலயும் அப்படித்தான சொல்றாங்க.

திதி அன்னைக்குக் குடுத்தேன். கூடத்துல விரிச்சு உக்காந்து ஒவ்வொரு கட்டமா விரல் வச்சுச் சொல்லிட்டே வந்தா. "இது என் சடங்குக்கு எடுத்தது, இது அண்ணன் முதச் சம்பளத்துல வாங்குனது"ன்னு. அரக்குல வெள்ளைப் புள்ளி வந்ததும் விரல் நின்னுருச்சு. அடுத்த கட்டம், அதுக்கு அடுத்த கட்டம்னு அந்த அரக்கையே தேடுறா. "மதினி, இதுல அம்மா தச்ச இடம் எங்க?"

எனக்கு விளங்கல. அப்புறம் சொன்னா. பத்தாவது பரிட்சை அன்னைக்கு பஸ் படியில மாட்டி அந்தச் சேலை ஒரு சாண் கிழிஞ்சிருக்கு. இவளை ஸ்கூல் வாசல்ல விட்டுட்டு, எதிர்த்த பெட்டிக்கடையில ஊசிநூல் வாங்கி வேப்பமரத்தடியில உக்காந்து அத்தை தச்சிருக்காங்க. கடையில கறுப்பு நூல்தான் இருந்துச்சாம். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்தக் கறுப்புத் தையலைத் தடவிக்கிட்டேதான் அம்மா மடியில படுப்பாளாம்.

நான் முதல்ல வெட்டி எறிஞ்சது அந்த இடத்தைத்தான்.

அவ கோவிச்சுக்கல. மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு மதினி"ன்னா. அந்தக் குரல்தான் இன்னும் காதுல இருக்கு.

கோவை ஊசிமுனை

வருத்தப்படாதீங்க கண்ணு, ஆசையாத் தச்சதுதானே. ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். அந்த ஒன்பது சேலையையும் கல்லுப்புத் தண்ணியில ஊற வச்சீங்களா? அரக்குச் சுங்குடி பின்பக்க வெள்ளை வேட்டியோட சேர்ந்து ஒரு தடவை நனைஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்குச் சிவப்புத் துணியில 40 சுருக்குப்பை தச்சேன், வெள்ளை லைனிங் வச்சு. உப்புல ஊற வைக்க நேரமில்ல. மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருத்தர் அதை இடுப்புல சொருகிட்டு வேர்வையோட நாள் முழுக்கச் சுத்தியிருக்காங்க. சாயந்தரம் அவங்க சந்தன நிறப் பட்டுல உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. "போச்சாதுங்க, பரவால்ல"ன்னு என் கையைத் தட்டிட்டுப் போனாங்க. அந்தப் பட்டு அவங்க மக எடுத்துக் குடுத்ததுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

எதுவா இருந்தாலும் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணி. இதை யாரும் விட்றாதீங்க.

பெரம்பூர் மீனா

என்னோடது அடுப்படிப் பிடிதுணி. தலையணைக்கு வாங்குன பாலியஸ்டர் பஞ்சு மிச்சம் இருந்துச்சு, அதை வச்சு ஜோடி ஜோடியா தச்சு எங்க பிளாக்ல எல்லாருக்கும் பொங்கலுக்குக் குடுத்தேன். பாக்க அவ்ளோ அழகு, ஓரத்துக்குச் சின்னக் கோலம் மாதிரி கைத்தையல் போட்டிருந்தேன். மூணாவது நாள் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டுனாங்க. கையில ஈரத்துணி சுத்தியிருந்தாங்க. காஞ்ச தோசைக்கல்லை அந்தத் துணியால தூக்கியிருக்காங்க, உள்ளே பஞ்சு உருகி துணியோட சேர்ந்து விரல்ல ஒட்டிக்கிச்சு.

திட்டவே இல்ல. "மத்தவங்ககிட்ட சொல்லிடு மீனா"ன்னு சொல்லத்தான் வந்தாங்க. அன்னைக்கே வீடு வீடா ஏறி எல்லாத்தையும் திரும்ப வாங்குனேன்.

சூடு பிடிக்கிற எதுக்கும் உள்ளே பருத்தி மட்டும்தான். பழைய டர்க்கி டவல் ரெண்டு மடிப்பு போதும். நூலும் பருத்தி நூலா இருக்கட்டும். வாங்குறவங்ககிட்ட ஈரமா இருக்கும்போது பிடிக்காதீங்கன்னு வாய் விட்டுச் சொல்லுங்க, ஈரத்துணியில சூடு சட்டுனு கைக்கு ஏறிடும்.

திருப்பூர் நூல்கண்டு

ஊசிமுனை அக்கா, சண்டைக்கு வரலைங்க, ஆனா உப்பு விஷயத்தை இப்படியே விட முடியாது. எங்க வீட்டுக்காரர் 18 வருஷம் சாயப்பட்டறையில இருந்தவர். பருத்திக்குச் சாயம் ஏத்துறப்ப உப்புப் போடுவாங்க, அது உண்மை. தண்ணியில கரைஞ்சிருக்கற சாயத்தை நூலுக்குள்ள தள்ளுறதுக்காகத்தான் அது. நூலோட சாயத்தைப் பிடிக்க வைக்கறது சலவைச் சோடா. இதெல்லாம் சாயத்தொட்டியில நடக்கற வேலை. கடையிலிருந்து வாங்கிட்டு வந்த துணியை வீட்டு பக்கெட்ல உப்புப் போட்டு ஊற வச்சா சாயம் கெட்டியாகாது. உப்புத் தண்ணியில கொஞ்சம் குறைவாக் கசியறதால நின்னுட்ட மாதிரி தெரியும், அடுத்து நல்ல தண்ணியில போட்டா மறுபடி இறங்கும். வினிகரும் அதே கதைதான், பட்டு, கம்பளிக்குப் போடற சாயம் வேற வகை, பருத்திக்கு அது ஒண்ணும் பண்ணாது.

செய்ய வேண்டியது நூலுக்குள்ள பிடிக்காம மேலாக நிக்கற சாயத்தை வெளியேத்தறது மட்டும்தான். சோப்புத்தூள் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா அலசுங்க. தண்ணி தெளியற வரைக்கும் விடாதீங்க, சில அரக்குக்கு அஞ்சாறு அலசு கூட ஆகும். அப்புறம் ஈரத்துணியை ஒரு வெள்ளை மல் துணி மேல வச்சு இஸ்திரி போடுங்க. மல்லுல கறை விழுந்தா அந்தத் துணியை வெள்ளை பக்கத்துல வைக்கவே கூடாது, அவ்வளவுதான். தச்சு முடிச்ச பிறகு சாயம் இறங்கிடுச்சுன்னா காய விடாதீங்க. காயறதுக்குள்ள நிறையத் தண்ணியில முழுக்கி, சோப்புப் போட்டு, பல மணி நேரம் விட்டு அலசுனா பெரும்பாலும் போயிடும். காஞ்சுட்டா கஷ்டம். ஒண்ணும் துவைக்காமத் தச்சா இன்னொரு தொல்லையும் இருக்கு, ஒரு சேலை சுருங்கும், பக்கத்துச் சேலை சுருங்காது, விரிப்பு முழுக்கச் சுருக்கம் விழும்.

என் சம்பவம் சொல்ல வந்தேன். பனியன் கட் பீஸ்ல குழந்தைக்கு ஒரு யானை பொம்மை தச்சு, கண்ணுக்கு பட்டன் வச்சேன். குழந்தை அதைக் கடிச்சு இழுத்துடுச்சு, பட்டனை அவங்கம்மா வாய்க்குள்ள விரல் விட்டு எடுத்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். அன்னைலிருந்து கண் எல்லாம் நூல்ல தைக்கறதுதான்.

கோவை ஊசிமுனை

எங்க அம்மா, அவங்கம்மா எல்லாம் உப்புல ஊற வச்சவங்கதான். அவங்க சேலை எதுவும் சாயம் போகல. ஆனாலும் அந்த மல் துணி இஸ்திரி சோதனையைச் செஞ்சு பாக்கறேனுங்க.

தாம்பூலம்

அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு நெகிழிப் பை வேண்டாம்னு நானே 150 தாம்பூலப் பை தைச்சேன். 2019 ஜனவரியில தடை வந்த சமயம். மஞ்சள் காடா, கரைக்குப் பழைய பட்டு பார்டர். காதை வாயோரத்துல ஒரே ஒரு ஓட்டுத் தையல்ல பிடிச்சு விட்டுட்டேன். மண்டபத்துப் படியில எங்க பெரியப்பா கையிலிருந்த பை காதோட பிய்ஞ்சு தேங்காய் உருண்டு போச்சு. நல்ல காரியத்துல தேங்காய் அப்படி விழுந்ததுல அவர் முகம் மாறினது இருக்கே. அதை அப்பா பார்க்கலை. நான் பார்த்தேன்.

காதை உள்ளே ஒரு அங்குலமாவது இறக்கி, சதுரமா ஓட்டி, நடுவுல பெருக்கல் குறி போடணும். அரைக்கிலோ தேங்காயை நினைச்சுத்தான் தைக்கணும், வெத்தலை பாக்கை நினைச்சு இல்லை.

ரொறன்ரோ அம்மம்மா

எனக்கும் உங்கட மனவருத்தம் விளங்குது தங்கச்சி. மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது எண்டு ஏழு மாதமா ஒரு குவில்ட் தைச்சனான். என்ர கலியாணத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில வாங்கின பருத்திச் சாறி ரெண்டும் அதுக்குள்ள இருக்கு, இடப்பெயர்வுக்குள்ளால கொண்டு வந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்து ரெண்டு கிழமையால போய்ப் பாத்தன். தொட்டில் வெறும் தொட்டில். ஒரு பெட்சீற், வேற ஒண்டும் இல்லை. என்ர குவில்ட் அலுமாரியில பொலித்தீன் பையோட கிடக்கு. நான் ஒண்டும் கதைக்கேல்லை. வீட்டை வந்து அழுதனான்.

பிறகுதான் மகள் சொன்னவள், ஒரு வயசு வரைக்கும் தொட்டிலுக்க போர்வை, தலகணி, பொம்மை ஒண்டும் வைக்கக்கூடாது எண்டு நேர்ஸ் சொல்லி விட்டவவாம், முகத்தில மூடிப் பிள்ளைக்கு மூச்சு முட்டுமாம். ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேட்டன். "நீங்கள் கோவிப்பீங்கள் எண்டு பயந்தனான் அம்மா" எண்டாள். ஏழு மாதம் நான் தைக்கத் தைக்கப் பாத்துக்கொண்டு இருந்தவள்.

இப்ப பேத்தி முழிச்சிருக்கேக்க நிலத்தில விரிச்சுக் குப்புறப் போடுறவை. அந்த நீலச் சாறிக் கட்டத்தை நக்கி நக்கி ஈரமாக்கி வைச்சிருக்கிறாள். பிள்ளையளுக்குத் தைக்கிற ஆக்கள் தாயைக் கேட்டுப்போட்டுத் தையுங்கோ.

குண்டூசி

நான் சுருக்கமாவே சொல்றேன். தோழிக்குக் குடுத்த குஷன் உறைக்குள்ள ஒரு குண்டூசி இருந்துடுச்சு. அவ பையன் அதுல முகம் புதைச்சுப் படுத்திருந்தான். கன்னத்துல ஒரு சிவப்புப் புள்ளி, கண்ணுக்குக் கீழே. இப்போ 50 ஊசி எடுத்தா 50 திரும்பி டப்பாவுக்குள்ள வந்ததை எண்ணாம மெஷினை விட்டு எழுந்திருக்கறதில்லை. முடிச்சதும் காந்தம் ஒண்ணு வச்சு மேலே தடவுறேன்.

எல்லாபுரம் போனவள்

மதுரைக் கைத்தையல், உங்க பதிவைப் படிச்சதிலிருந்து ஒரு முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கு.

கர்நாடகத்தில், வட கன்னட மாவட்டத்து எல்லாபுரம், ஹளியாள் பக்கம் சித்தி என்கிற இனத்தவர் வாழறாங்க, ஆப்பிரிக்க வம்சாவளி. அவங்க பெண்கள் தைக்கும் விரிப்புக்கு கவண்டி என்று பேர். பழைய துணியை அளந்து வெட்டறதில்லை. அடியில் ஒரு சேலை, அதன் ஓரத்திலிருந்து துண்டு துண்டாக மேலே வச்சு, விளிம்பை மடிச்சுக்கிட்டே ஓட்டுத்தையல் போட்டு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. கடைசியில் நாலு மூலையிலும் சின்னத் துண்டுகளை மடிச்சுப் பூ வைப்பாங்க.

நான் போன வீட்டில் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து தைச்சுக்கொண்டிருந்தார். குவியலில் பேரனின் பள்ளிச் சட்டை ஒன்று. பாக்கெட்டுக்கு மேலே வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. நம்ம ஊர்ப் பழக்கத்தில் அந்த ஒட்டைப் பிரிக்கலாமா என்று கையால் காட்டிக் கேட்டேன். அவர் சட்டையை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஒட்டு இருக்கிற பக்கமே மேலே தெரியற மாதிரி வச்சு, அதைச் சுத்தியே நாலு வரி ஓட்டினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நைஞ்ச துணியை ஒதுக்கணும் என்று வீடியோவில் சொல்வது மெஷினில் இழுத்துத் தைக்கறவங்களுக்கு. இழை விட்ட துண்டுக்கு அடியில் ஒரு மல் துணியை வச்சு, ரெண்டையும் சேர்த்து நெருக்கமாகக் கையால் ஓட்டினால் பல வருஷம் நிக்கும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டற கேன்வாஸ் வேண்டாம், நைஞ்ச சுங்குடி அட்டை மாதிரி ஆகிடும், தடவினால் துணி என்றே தெரியாது. முடிஞ்ச குவில்ட் மேலேயே அந்தத் துண்டை வச்சுத் தைக்கலாம், எதையும் பிரிக்கத் தேவையில்லை. ஓரத்தை உள்ளே மடிச்சு, அரக்கு நூலால் கண்ணுக்குத் தெரியாத தையல். அத்தையோட கறுப்புத் தையலை மட்டும் தொடாதீங்க.

வெட்டின மிச்சத்தை என்ன செஞ்சீங்க?

மதுரைக் கைத்தையல்

இதைப் படிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டேன். எறிஞ்சேன்னு எழுதுனேன்ல, குப்பையில போடல. மிச்சத்தையெல்லாம் பொடிசா வெட்டி, சின்னவனோட திண்டுத் தலகாணிக்குள்ள இலவம்பஞ்சுக்குப் பதிலா அடைச்சிருந்தேன். இப்பத்தான் பிரிச்சேன். கூடம் முழுக்கத் துணி. அவன் ஒவ்வொண்ணா எடுத்து நிறம் பிரிச்சுத் தந்தான்.

அரக்கு மட்டும் எண்பதுக்கு மேல இருந்துச்சு. கறுப்பு நூல் இருக்கிறது மூணு துண்டு. ஒரு சாண் தையலை நானே மூணா வெட்டியிருக்கேன். ரெண்டு ஒண்ணோட ஒண்ணு பொருந்துது, தையல் கோணலா ஏறி இறங்குது, நடுவுல ஒரு முடிச்சு. மூணாவது எங்க சேரும்னு தெரியல. இன்னும் ஒரு துண்டு எங்கயோ இருக்கணும்.

மூணையும் வேட்டி மிச்சத்து மேல வச்சுப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிட்டேன். இன்னும் பாக்கல. சின்னவன் கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுத் தேடிட்டு இருக்கான்.