கொழும்பு மாவட்டம், இசட் புள்ளி 1.32: கணினி விஞ்ஞானத்துக்கு விருப்ப வரிசை எப்படி?

தம்பிக்கு ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளி 1.32. கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம்: இணைந்த கணிதம் பி, பௌதிகவியல் பி, இரசாயனவியல் சி. கொழும்பு மாவட்டம்தான் சிக்கல், மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளி) வேறு. இதே புள்ளிக்கு வேறு மாவட்டப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இங்கே கிடைக்காது.

யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) வெளியிட்ட பழைய வெட்டுப்புள்ளிகளைப் பென்சிலால் குறித்துப் பார்த்தோம். மொறட்டுவை பொறியியல் கனவுதான், அதை விட்டாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி எட்டலாம், எட்டாமலும் போகலாம். களனி மென்பொருள் பொறியியலும் அப்படித்தான். யாழ்ப்பாணம் கணினி விஞ்ஞானம் ஓரளவு நம்பிக்கை தருகிறது, ஆனால் தம்பி அதைக் கடைசியில் போடச் சொல்கிறான். அம்மாவுக்கோ பெரியம்மா வீடு அங்கே இருப்பதால் அதுவே முதலாவது! விண்ணப்பத்தில் மேலே எழுதியது கிடைத்தால் கீழே உள்ளது கிடையாது என்பதால் வீட்டில் தினமும் வாக்குவாதம்.

ரியூஷன் சேரிடம் கேட்டோம், "எல்லாத்தையும் போடுங்கோ" என்றார். அப்புறம் தனியார் நிறுவனங்களான மாலபே ஸ்லிட்டையும், வெள்ளவத்தையில் பிரித்தானியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் தரும் ஐ.ஐ.டியையும் (இந்திய ஐ.ஐ.டி அல்ல) விசாரித்தோம். கடன் எடுத்தால்தான் கட்டணம் கட்டலாம். அதனால் தனியார் கடைசி வழி மட்டுமே.

கொழும்பு மாவட்டத்திலிருந்து இதையொத்த புள்ளியோடு அண்மையில் கணினித் துறைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: கொழும்பு, களனிக்கு அடுத்ததாக, கிடைக்கும் என்று நம்பி எந்தப் பாடநெறிகளை எந்த வரிசையில் போடலாம்?