மறுமொழி: ‘ஹாப்டர்’ உறுப்புக்குத் தமிழ்ப்பெயர்

> செவுளைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு என்பதால் ‘பற்றி’ என்றே வைத்துவிடலாம். எளிது, சிறிது.

ஐயா, வணக்கம்.

எளிதுதான். மீன் செவுளில் ஒட்டுண்ணியாக வாழும் தட்டைப்புழு, செவுளை விடாமல் பிடித்துக்கொள்ளும் உறுப்புதான் ‘ஹாப்டர்’. ஆனால் இந்தப் புழுக்களில் புதிய இனம் ஒன்றை விவரிப்பவர் அச்சொல்லைத் தனியாக விட்டுவைக்க மாட்டார். பின்முனையில் இருப்பதை ‘ஒபிஸ்தாப்டர்’ என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. தங்கள் சொல்லோடு ‘பின்’ சேர்த்துப் பாருங்கள்: பின்பற்றி! புழு யாரைப் பின்பற்றுகிறது என்று மாணவர் கேட்பார். ‘ஒட்டு’ என்று வைத்தாலோ பின்னொட்டு. நேரே இலக்கண வகுப்புக்குப் போய்விடுவோம்.

ஒட்டு என்பது பொருளாலும் பொருந்தாது. கெண்டை இன மீன்களின் செவுளில் வாழும் டாக்டைலோகைரஸ் என்ற தட்டைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பசை சுரப்பது அதன் தலைப்பக்கம். பின்பக்கத்தில் ஓர் இணைப் பெரிய கொக்கிகளும் விளிம்பில் 14 சிறு கொக்கிகளும் செவுள் இழையில் குத்தி மாட்டிக்கொள்கின்றன.

மாட்டுவதற்குத் தமிழில் நல்ல வினை இருக்கிறது: கொளுவுதல். ஈழத்தமிழர் பேச்சில் அது இன்றும் உயிரோடு உள்ளது. ஆகவே முழு உறுப்பு ‘கொளுவி’. பெரிய கொக்கி ‘கொளுக்கி’ (அகராதியில் உள்ள பழைய சொல்தான்). சிறியது ‘விளிம்புக் கொக்கி’. கொளுக்கிகளை இணைப்பது ‘இணைப்புத் தண்டு’. எழுதிப் பார்த்தேன்:

“கொளுவி உடலிலிருந்து தெளிவாகப் பிரிந்தது. கொளுக்கிகள் ஓர் இணை. விளிம்புக் கொக்கிகள் 14, ஏழு இணைகளாக.”

உறுத்தவில்லை. மெல்லுடல் கண்ணாடிச் சில்லின் கீழ் நசுங்கி உருமாறிவிடும். இனத்தைப் பிரித்தறியக் கைகொடுப்பவை மைக்ரோமீட்டரில் அளக்கப்படும் இந்த இறுகிய பகுதிகளும் ஆண் புணர்ச்சி உறுப்பும்தான். அதனால் இங்கே சொற்குழப்பம் கூடாது. எண்ணிலும் கூடாது, விளிம்புக் கொக்கிகள் 16 என்று எழுதினால் அது கைரோடாக்டைலஸ் என்ற வேறொரு தட்டைப்புழுவின் கணக்கு.

முன்முனையில் இருக்கும் உறுப்பை ‘முன்கொளுவி’ என்று சொல்ல முடியாதே என்பீர்கள். உண்மை, முன்பக்கம் கொளுவுவதில்லை. அதைத் ‘தலைப் பசையுறுப்பு’ என்று தனியே சொல்லிவிடலாம். வெறுமனே ‘ஹாப்டர்’ என்றால் இன்று பெரும்பாலும் பின்பக்கத்தைத்தான் குறிக்கிறார்கள்.

இன்னொன்று. இப்புழுக்கள் அடங்கும் பெரும்பிரிவான மோனோஜீனியாவை முந்தைய மடலில் ‘ஒருமரபணுப் புழுக்கள்’ என்று கண்டேன். வேண்டவே வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டுப் பெயர். மரபணுவைக் குறிக்கும் ‘ஜீன்’ பிறந்ததோ 1909இல். பெயரிலிருப்பது பிறப்பு, தலைமுறை என்ற பொருள். இடையில் நத்தை முதலிய வேறு உயிரி எதுவும் இல்லாமல் ஒரே ஓம்புயிரை (இடங்கொடுக்கும் உயிரியை, பெரும்பாலும் ஒரு மீனை) நம்பி வாழ்பவை என்பதால் ‘ஓரோம்புயிர்த் தட்டைப்புழு’ என்கிறேன். வாய் சுளுக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். சுருக்கமாக வேறு எவரேனும் தந்தால் விட்டுக்கொடுப்பேன், ‘கொளுவி’யை விடமாட்டேன்.

செவுளை இலங்கைப் பாடநூல்கள் ‘பூ’ என்கின்றன. அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.