கலைச்சொல்: உப்புநீர்த் தொட்டியில் படரும் சிவப்புப் படலத்துக்கு 'செவ்வேடு'

நண்பர்களுக்கு வணக்கம்.

உப்புநீர் மீன்தொட்டியில் படரும் சிவப்புப் படலத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையில் இதுவரை 'செம்பாசி', 'சிவப்புச் சளி', 'சயனோ' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. வீட்டில் உப்புநீர்த் தொட்டி பராமரிப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: எந்தப் பெயர் வைத்தாலும் சரி, அதில் 'பாசி' வரக்கூடாது.

இது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா ('சயனோ' என்பது அதன் சுருக்கம்). உயிரணுவுக்குள் உட்கரு கிடையாது, ஆனால் ஒளிச்சேர்க்கை செய்யும். ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி மிகுந்த வகைகள் கருஞ்சிவப்பாகத் தெரிவதால் கடைகளில் 'ரெட் ஸ்லைம் ஆல்கே' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பெயரில் பாசி இருப்பதால் வாங்குகிறவரும் பாசிக்கான வைத்தியத்தையே செய்கிறார், பாசி தின்னும் மீனையும் நத்தையையும் வாங்கி விடுகிறார். அவை பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. 'செம்பாசி'யில் இன்னொரு சிக்கலும் உண்டு, தாவரவியலில் அது ஏற்கெனவே வேறொரு பெரிய தொகுதிக்கு, நிஜமான கடற்பாசிகளுக்கு, உரிய பெயர்.

> நீலப்பச்சைப்பாசி என்று பாடநூலில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இப்படிக் கேட்ட ஐயாவுக்கு: நீலப்பச்சைப்பாசி என்பது சயனோபாக்டீரியா எல்லாவற்றுக்குமான பெயர், அந்தச் சொல்லை அகற்றச் சொல்லவில்லை. நெல் வயலில் உரமாக இடுவது அந்தப் பெயரில்தான் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது மொத்தக் குடும்பத்துக்கான பெயர் அல்ல, தொட்டியில் மணல் மேலும் பாறை மேலும் விரிகிற அந்தப் படலத்துக்கான பெயர்.

அதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விளக்கு போட்டுச் சில மணி நேரம் ஆனதும் மணல் மேல் கருஞ்சிவப்பாக விரிந்திருக்கும், அடியில் ஆக்சிஜன் குமிழிகள் மாட்டிக்கொண்டு அங்கங்கே உப்பி நிற்கும், இரவு கழிந்து காலையில் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். முடிப்பாசி என்றால் பாறையைப் பிடித்துக்கொண்டு வராது, பிய்க்க வேண்டும். இதுவோ நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயை ஓரத்தில் காட்டினால் போதும், தயிர் மேல் படிந்த ஏடு போல முழுத் துண்டாகக் கிளம்பி வந்துவிடும். அதனால்தான் என் பரிந்துரை 'செவ்வேடு'. செம்மை + ஏடு, செவ்விதழ் போல. எல்லாத் தொட்டியிலும் சிவப்பாகவே வராது, பச்சையாகவும் கருப்பாகவும் வரும், அப்போது பச்சை ஏடு, கருப்பு ஏடு என்று சொல்லிக்கொள்ளலாம். ஏடு என்றால் ஓலைச்சுவடி என்று யாராவது சொல்லலாம். பாலேடு என்னும்போது யாரும் சுவடியை நினைப்பதில்லையே.

இந்தச் சொல் வைத்தியத்துக்கும் பொருந்துகிறது. முதல் வேலை ஏட்டை உரித்து உறிஞ்சி எடுப்பது, அந்த நீரைத் தொட்டிக்குத் திருப்பாமல் கொட்டிவிட்டு ஆர்ஓ நீரில் கலந்த புது உப்புநீரை ஊற்றுவது. அப்புறம் நீரோட்டம் குறைந்த மூலை எது என்று பார்த்து வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் கருவி) அங்கே திருப்புவது, தீனியைக் குறைப்பது. இதில் பலர் செய்யும் தவறு, நைட்ரேட்டை (தீனியாலும் கழிவாலும் நீரில் சேரும் நைட்ரஜன் சத்து) பூச்சியமாக்கிவிட்டால் ஏடு போய்விடும் என்று நினைப்பது. சில வகைகள் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே எடுத்துப் பிழைத்துக்கொள்ளும் (வயலில் உரமாவதும் இந்தத் திறனால்தான்), ஆகவே பாஸ்பேட் மிச்சமிருக்க நைட்ரேட் மட்டும் தீர்ந்துபோன தொட்டி அவற்றுக்கு வசதியாகவே போகும். மூன்று நாள் விளக்கை அணைத்து வைத்தால் மறையும், காரணம் தீராவிட்டால் திரும்ப வரும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு இது கேட்கும், பாக்டீரியா என்பதால்தான் கேட்கிறது. ஆனால் அந்த மருந்து அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவையும் தாக்கலாம், செத்த ஏடு அழுகும்போது ஆக்சிஜன் வேறு குறையும், காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல் போடாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். எடுத்த எடுப்பில் மருந்து ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

'சிவப்புச் சளி'யை நான் ஏற்காததற்குக் காரணம், சளி போல நூல் நூலாகப் பழுப்பாகத் தொங்குவது வேறொன்று, டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றை உயிரணு நுண்ணுயிர். அதற்கு நீரை அடிக்கடி மாற்றினால் பல தொட்டிகளில் இன்னும் மோசமாகும். அறிகுறி ஒத்திருந்தாலும் சிகிச்சை நேரெதிர், பெயரிலாவது குழப்பம் வேண்டாம். நுண்நோக்கியில் வைத்தால் செவ்வேடு இழை இழையாகக் கிடக்கும், மற்றது தனித்தனி உயிரணுக்களாக நகர்ந்துகொண்டிருக்கும். மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகும்போது சொல்லப்படும் 'பூங்கோரை'யையும் இங்கே இழுக்க வேண்டாம். 2019 செப்டம்பரில் அங்கே பெருகியது நாக்டிலூகா, அதுவும் டைனோஃபிளாஜெல்லேட் வகைதான்.

மறுப்பு இல்லையென்றால் செவ்வேடு, ஏடு படிதல், ஏடு உரித்தல் மூன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம். இலங்கை நண்பர்கள் பற்றீரியா, அல்கா என்று எழுதுவார்கள், அவர்களுக்கு 'ஏடு' இயல்பாகப் படுகிறதா, அல்லது பாலாடை என்பது போல 'ஆடை'தான் வாயில் வருமா என்று சொன்னால் அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.