மறு: கலைச்சொல் – ‘சியர் எங்கேஜ்மென்ட்’: ஈடுபாடா, பிடிமானமா?

அனைவருக்கும் வணக்கம்.

போட்டித் துப்பாக்கியில் தொழிற்சாலையிலிருந்து வந்த ட்ரிகரை, அதாவது விரலால் அழுத்திச் சுடும் உறுப்பை, கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் செய்ததை வாங்கிப் பொருத்தினால் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் கிடைக்காமல் இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டதால்தான் ட்ரிகர், அதனுள்ளே இருக்கும் சியர், அவை இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் ‘எங்கேஜ்மென்ட்’ போன்றவற்றுக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று இங்கே கேட்டேன். வந்த பரிந்துரைகளுக்குச் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

> ட்ரிகருக்கு ‘விசை’ போதுமே. கதைகளில் ‘விசையை அழுத்தினான்’ என்றுதானே வருகிறது?

கதைக்குப் போதும், எனக்குப் போதாது. பள்ளிப் பாடத்தில் விசை என்றால் ஃபோர்ஸ். ட்ரிகர் விடுபட எத்தனை கிராம் வேண்டும் என்று சொல்ல வந்தால் ‘விசையின் விசை’ என்று எழுத நேரிடும். இந்த விளையாட்டில் அந்த எண் இல்லாமல் பேச்சே ஓடாது. சர்வதேச விதிப்படி 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1500 கிராமுக்குக் குறையக் கூடாது; 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம்; 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குக் கீழ்வரம்பே கிடையாது. ஆகவே ட்ரிகருக்கு ‘சுடுவிசை’, அந்த கிராம் கணக்குக்கு ‘இழுப்பெடை’ என்று வைத்துக்கொள்கிறேன். ‘குதிரை’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் அது தட்டிவிழும் சுத்திக்கு உரிய பெயர், விரல் படும் உறுப்புக்கு அல்ல.

> சியருக்கு ‘நாதாங்கி’ வைக்கலாமா?

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் தண்டை, மூடும்போது தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் சுருள்வில்லை அழுத்திக்கொண்டு பின்னாலேயே நிற்கிறது. அது முன்னால் பாய்ந்துவிடாமல் பிடித்திருப்பது சியர். அந்தச் சியர் சரியாமல் கீழிருந்து முட்டுக்கொடுப்பது சுடுவிசையின் விளிம்பு. கதவில் கொண்டி போய் மாட்டும் வளையம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். நாதாங்கி அசையாது, சியர் அசையும் என்று ஒருவர் மறுத்திருந்தார். உண்மைதான். இருந்தாலும் உறுப்பின் பெயர் வேலையைச் சொன்னால் போதும், அசைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் நாதாங்கிக்கே ஓட்டுப் போடுகிறேன்.

இனி தலைப்புக்கு வருகிறேன். சுடுவிசையின் விளிம்பும் நாதாங்கியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். ‘எங்கேஜ்மென்ட்’ என்பது அந்த அகலத்தைத்தான். வந்த பரிந்துரைகள்: ஈடுபாடு, பற்றளவு, கவ்வாழம், பிடிமானம். ‘ஈடுபாடு’ அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது. அந்த அகலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதை ‘ஈடுபாட்டுத் திருகு’ என்றால் படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். ‘கவ்வாழம்’ துல்லியமான சொல், வாயில் நுழையத்தான் சற்று அடம்பிடிக்கிறது. ‘பிடிமானம்’ நாம் தினமும் சொல்வது. ஏணி சுவரில் சரியாக நிற்காவிட்டாலும், ஆணி ஆடினாலும் ‘பிடிமானம் இல்லை’ என்கிறோம். பிடிமானம் கூடும், குறையும், தேயும், விட்டுப்போகும். வினைகளையெல்லாம் கையோடு கூட்டிவரும் சொல் எனக்கு வேண்டியிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். என்னிடம் இருந்த ஒரு சுடுவிசையைப் பல ஆண்டுகள் 110 கிராமில் வைத்திருந்தேன். அளவுகோலில் பத்துமுறை இழுத்தால் இரண்டு மூன்று கிராமுக்குள் நிற்கும். ஒரு நாள் 112, 109, அடுத்தது 140, அதற்கடுத்தது 95. கழற்றி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். நாதாங்கியோடு உரசும், கண்ணாடிபோல் இருக்க வேண்டிய முகத்தின் ஓரத்தில் நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு கீற்று. செய்தவர்மேல் குற்றமில்லை. மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று முன்பொரு முறை எண்ணெய்க்கல்லால் தேய்த்தது நான்தான். சில உறுப்புகளில் எஃகின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும், உள்ளே மெத்து. தோலைத் தேய்த்து எடுத்துவிட்டால் பிறகு ஒவ்வோர் அழுத்தமும் அந்த மெத்துப் பகுதியைத்தான் தின்னும். இதில் ஈடுபாடு குறைந்தது என்று எழுதினால் என் ஆர்வம் குறைந்ததாகத்தான் அர்த்தமாகும்.

போட்டியாளர்கள் குழலில் எத்தனை குண்டு போனது என்று நோட்டில் குறித்து வைக்கிறார்கள். தோட்டா இல்லாமல் வீட்டில் அழுத்திப் பழகியதை யாரும் எண்ணுவதில்லை. நாதாங்கிக்கு இரண்டும் ஒன்றுதான்.

> மொத்தத்தையும் ‘நம்பகத்தன்மை’ என்றே சொல்லிவிட்டால் என்ன?

இங்கேதான் நான் முரண்படுகிறேன். அழுத்தினால் சுட வேண்டும், அழுத்தாதபோது சுடக் கூடாது என்பது ஒன்று. பத்தாயிரமாவது அழுத்தத்திலும் முதல் நாள் இருந்த இழுப்பெடையே இருக்க வேண்டும் என்பது வேறு. முதலாவது கெட்டால் ஆபத்து; இரண்டாவது கெட்டால் புள்ளி போகும், அவ்வளவே. முதலாவதற்கு நம்பகத்தன்மை இருக்கட்டும். இரண்டாவதற்கு ‘மாறாமை’ என்கிறேன்.

பிடிமானம் தேயாமலே கெடுவதும் உண்டு. குழலைத் துடைக்கும் கரைப்பான் பின்பக்கமாக ஒழுகி சுடுவிசைப் பெட்டிக்குள் இறங்கும். அங்கே எண்ணெயும் கரியும் சேர்ந்து பிசினாகும். குளிரில் அது இன்னும் இறுகும். நாதாங்கி முழுதாக மேலேறாமல் பாதியில் நிற்கும். அதைத் ‘தேய்வு’ என்று எழுதக் கூடாது. ‘பிடிமானம் ஏறவில்லை’ என்று எழுத வேண்டும். முதலாவதற்குப் புது உறுப்பு தேவை, இரண்டாவதற்குக் கழுவினால் போதும். தொழிற்சாலையிலேயே இப்படி ஆனதும் உண்டு. 2014 ஏப்ரலில் ரெமிங்டன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ சுடுவிசை பொருத்திய ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றது. அளவுக்கு மேல் வைத்த ஒட்டுப்பசைதான் அந்நிறுவனம் சொன்ன காரணம். ட்ரிகர்டெக் என்ற கனடா நிறுவனம் இரண்டு முகங்களுக்கும் நடுவே தானாக உருளும் ஓர் உருளையை வைத்து உராய்வையே குறைக்கிறது. அங்கும் ‘உருளைப் பிடிமானம்’ என்று சொல்ல முடிகிறதே என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

வேறு நிறுவனம் செய்து விற்கும் மாற்றுப் பாகத்தைச் சொல்லும் ‘ஆஃப்டர்மார்க்கெட்’டுக்கு வந்த ‘பின்சந்தை’ வேண்டவே வேண்டாம், திருட்டுப் பொருள் விற்கும் இடம்போல் ஒலிக்கிறது. வண்டிக்காரர்கள் சொல்லும் ‘வெளி பார்ட்’டைத் தமிழாக்கி ‘வெளிப்பாகம்’ எனலாம். வண்டியில் அது மட்டமான சரக்கைக் குறிக்கும். இங்கே பெரும்பாலும் கம்பெனிப் பாகத்தைவிட உசத்தி. அந்தத் தலைகீழ் எனக்குப் பிடித்திருக்கிறது.

‘கிரீப்’ இன்னும் பாக்கி. பிடிமானம் விடுபடுமுன் விரல் உணரும் அந்தக் கரகரப்பான சிறு நகர்வு. ‘ஊர்வு’ என்றார் ஒருவர். உலோகவியலிலும் கிரீப் என்று ஒன்று உண்டு (நெடுநாள் சுமையில் உலோகம் மெல்ல உருமாறுவது), அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, அதனால் தயங்குகிறேன். ‘அரைவு’ என்றால் அரைபடும் உணர்வு வருகிறதா? துப்பாக்கி பிடித்தவர்களைவிட, பழைய பூட்டைத் திறந்து பழகியவர்கள் சொன்னால் நல்லது.

அன்புடன்.