‘லோ டோஸ்’ கதிர்வீச்சு: ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் நோயெதிர்ப்பியல் கலைச்சொல் பட்டியலில் ‘லோ டோஸ் ரேடியேஷன்’ என்பதற்கு ‘குறைந்த அளவு கதிரியக்கம்’ என்று போட்டிருக்கிறோம். இதில் இரண்டு பிழை. கதிரியக்கம் என்பது அணுக்கரு தானாகச் சிதைவது. உடலில் படுவது கதிர்வீச்சு. எக்ஸ்ரே குழாயில் கதிரியக்கமே கிடையாது. இரண்டாவது, ‘அளவு’. கருவி வெளியிட்டதா, உடல் வாங்கிக்கொண்டதா? ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கினால் ஒரு கிரே. இந்தப் பொருளில் ‘ஏற்பளவு’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘குறை ஏற்பளவு’ என்று மாற்றிவிடலாமா?

*

> ‘குறை ஏற்பளவு’ என்று மாற்றிவிடலாமா?

வேண்டாம் ஐயா. புற்றுநோய்க் கட்டிக்கு 60 கிரே திட்டமிட்டு, ஓரத்தில் 54 மட்டும் விழுந்தால் அதற்குத்தான் அந்தச் சொல் வேண்டியிருக்கும். அது சிகிச்சைக் குறைபாடு. ‘நுண்’ என்றால் செல்லுக்குள் ஆற்றல் படிவதை ஆராயும் நுண்ணேற்பளவியலோடு மோதும். ‘மென்கதிர்’ என்பது ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே, அளவைச் சொல்லாது.

சிற்றூர், சிற்றிலக்கியம் போல ‘சிற்றேற்பளவு’ எனலாம். வாயில் கொஞ்சம் இடறும், பழகிவிடும்.

ஆனால் எதுவரை சிறிது? கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா.வின் அன்ஸ்கியர் குழு 100 மில்லிகிரேக்குக் கீழே என்கிறது. ஜெர்மனியில் குதிகால் முள்ளுக்குக் கொடுக்கும் ‘லோ டோஸ்’ சிகிச்சையில் ஓர் அமர்வுக்கு 0.5 கிரே, ஆறு அமர்வு, மொத்தம் 3 கிரே. ஒரே அமர்வு அந்த வரம்பைப் போல ஐந்து மடங்கு. புற்றுநோய்ச் சிகிச்சையின் 60 கிரேயோடு ஒப்பிட்டால் இதுவும் சிறிதுதான். கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையின் கண்ணுக்குப் பெரிது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் கட்டாயம் ஏமாறுவார்.

*

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை இது வெறும் சொல் வழக்கு அல்ல. 0.5 கிரே வட்டாரத்தில் வெள்ளணுக்கள் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டுவது குறைகிறது. அளவைக் கூட்டினால் அந்த இறக்கம் கூடவேண்டும் என்று நினைப்போம்; கூடுவதில்லை, மறுபடி ஏறுகிறது. அழற்சிக்கு இந்தச் சிகிச்சை பயன்படுவதன் அடிப்படைகளில் இது ஒன்று. இதற்கு நேர் எதிராக, 2013இல் ஹைடல்பர்க் ஆய்வில் எலிகளின் கட்டிக்கு 2 கிரே கொடுத்தபோது பெருவிழுங்கிகள் (மேக்ரோஃபேஜ்) போர்க்கோலம் பூண்டு, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களைக் கட்டிக்குள் வரவிட்டன. அதையும் ‘லோ டோஸ்’ என்றே எழுதினார்கள்! கோவிட் காலத்தில் சுவிட்சர்லாந்தில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 22 பேரை வைத்து நடந்த சோதனையில் நுரையீரல்களுக்கு 1 கிரே கொடுத்தார்கள். பலன் தெரியவில்லை, லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) குறைந்தன. லிம்போசைட்டுக்கு ஒரு கிரே சிறிதே இல்லை.

அதனால் ‘இம்யூன் மாடுலேஷன்’ என்பதற்கு ‘எதிர்ப்பாற்றல் தூண்டல்’ என்று நம் பட்டியலில் இருப்பதையும் எடுத்துவிட வேண்டும். ஏறுமா இறங்குமா என்பதைச் சொல்லே முடிவு செய்யக்கூடாது. ‘மாடுலேஷன்’ என்பதற்கு வழங்கும் ‘பண்பேற்றம்’ வானொலிக்காரர் சொத்து. ‘நோயெதிர்ப்பு மாற்றமைவு’ போதும்.

இன்னொரு கண்ணி, வீதம்; அதாவது ஏற்பளவு எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பது. மருத்துவமனையின் கதிர்ச்சிகிச்சைக் கருவியான லினாக் நிமிடத்துக்கு 6 கிரே கொடுக்கும். ஆய்வகத்தில் செல் வளர்க்கும் தட்டுக்கு 50 மில்லிகிரே வேண்டுமென்றால் அரை வினாடியில் முடிந்துவிடும். கதிர்க்கற்றை நிலைப்படும் முன்பே நின்றுவிடுவதால், கொடுத்ததாகக் குறிப்பதும் செல் வாங்கியதும் ஒத்துப்போகாமல் போகலாம். தட்டருகே ஏற்பளவைத் தனியே அளந்துகொள்ளாமல் முடிவு எழுதக்கூடாது. தூரத்தைக் கூட்டியோ தடுப்பு வைத்தோ வீதத்தைக் குறைப்பது நல்லது. சரியாகவே கொடுத்தாலும் அது சிற்றேற்பளவு, ஆனால் உயர் வீதம். தாழ் வீதம் என்பதற்கு அன்ஸ்கியர் வரம்பு நிமிடத்துக்கு 0.1 மில்லிகிரே.

கொல்லம் கடற்கரையில் கருநாகப்பள்ளி இதைத் தலைகீழாக்கிக் காட்டும். கதிரியக்கம் உள்ள மோனசைட் மணலால் அங்கே வீட்டுக்கு வெளியே ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல், சில இடங்களில் 70 வரை. வீதம் மிகத் தாழ்வு. ஆனால் 4 என்றே வைத்தாலும் வெளியிலேயே இருப்பவருக்கு 25 ஆண்டில் 100ஐத் தொட்டுவிடும். 70 உள்ள இடத்தில் இரண்டே ஆண்டில் தாண்டிவிடும். ‘குறைந்த அளவு’ என்று இவர்களைச் சொல்வது சரியா?

*

> ‘லோ டோஸ்’ சிகிச்சை

இதற்கு ‘அழற்சித்தணிப்புக் கதிர்ச்சிகிச்சை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘தணிப்பு’ என்றதும் நோயாளிகள் முற்றிய நோய்க்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பை நினைத்துப் பயப்படுவார்கள். ‘ஒடுக்கம்’ என்றால் ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பையே அமுக்குவதாகப்படும். புண் ஆறும், சூடு ஆறும். அந்த ‘ஆற்று’ இருக்கட்டும்: ‘அழற்சியாற்றுக் கதிர்ச்சிகிச்சை’. கிரேயைப் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும்.

பட்டியலுக்கு என் முன்மொழிவு: சிற்றேற்பளவு (100 மில்லிகிரேக்குக் கீழ் மட்டும்), தாழ் ஏற்புவீதம், அழற்சியாற்றுக் கதிர்ச்சிகிச்சை. 100 முதல் 500 மில்லிகிரே வரை விட்டுப்போன இடைவெளிக்கு ‘இடையேற்பளவு’ சரிப்படுமா? வெறும் ‘நடு’ வேண்டாம், சராசரி என்று படிப்பார்கள்.

*

இடையேற்பளவு சரி. ஆனால் ‘அழற்சியாற்று’ என்பதில் கடைசி ‘று’வை விழுங்கினால் ‘அழற்சியா’ என்று கேள்வியாகிவிடும். அறிவிப்புப் பலகையில் ‘அழற்சி ஆற்றும்’ என்று பிரித்தே எழுதுங்கள்.